அடுத்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் உங்களுக்கு என்ன வேண்டும்? மெகாபிக்சல் கேட்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்

அல்சூர் முக்காலி · வெள்ளி, இரவு 10:40

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். வருஷக் கடைசிக்குள் கேமரா பாடியை மாற்றியாக வேண்டும். கையில் இருப்பது 2018 மாடல், 24 மெகாபிக்சல். ஷட்டர் மூன்று லட்சம் படத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, எப்போது போகும் என்று தெரியாது. வாங்குவதற்கு முன்னால் மற்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

முதலில் என் கதை. போன மாதம் ஒரு சனிக்கிழமை சிவாஜிநகரில் சர்ச் கல்யாணம். சத்தம் கேட்கக்கூடாது என்று ஃபாதர் முன்பே சொல்லியிருந்தார், சைலன்ட் ஷட்டர் போட்டு எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம், படங்கள் அருமை. மறுநாள் காலை ஆறரை மணி முகூர்த்தம், வேறு மண்டபம். செட்டிங்கை மாற்ற மறந்துவிட்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது காதுக்குப் பக்கத்தில் வெடி போட்டாலும் கேட்காது, அங்கே போய் சைலன்ட் ஷட்டர்! வீடியோ தம்பி இரண்டு பக்கமும் எல்இடி பேனல் நிறுத்தியிருந்தான், நல்ல வெளிச்சம் என்று நான் ஃபிளாஷைக்கூடப் போடவில்லை.

ராத்திரி கம்ப்யூட்டரில் திறந்தால் கூரைப் புடவையின் குறுக்கே ஆறு இருட்டுப் பட்டை. ஒன்று பெண்ணின் நெற்றியில். இன்னொன்று சரியாக நாத்தனார் மூன்றாவது முடிச்சு போடுகிற விரல் மேல். தாலி கட்டின நாற்பது படத்திலும் இதே கதைதான், பட்டை மட்டும் மேலும் கீழும் நகர்ந்திருக்கிறது. கறுப்பு வெள்ளையாக மாற்றி, கொஞ்சம் கிரெயின் போட்டு, கலை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். பெண்ணின் அம்மா ஒரே பார்வை. "தாலி கட்டுற படத்துல மஞ்சளே தெரியலையே தம்பி" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? கடைசியில் வீடியோ தம்பியிடம் கெஞ்சி அவனுடைய 4கே கிளிப்பிலிருந்து ஒரு ஃபிரேம் வாங்கினேன். எட்டு மெகாபிக்சல். ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் மறந்தால்கூடக் காலை வாராத கேமரா ஒன்று வேண்டும். அதுதான் என் முதல் ஆசை. உங்களுடையது?

நூறு ஹெர்ட்ஸ் · வெள்ளி, இரவு 11:15

என் பெயருக்குப் பொருத்தமான இழை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்தான், அதில் சென்சார் மேலிருந்து கீழ் வரை வரிசை வரிசையாகப் படிக்கிறது. 2018 காலத்துச் சாதாரண சென்சார் மொத்தத்தையும் படித்து முடிக்க ஏறக்குறைய 1/15 விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் விளக்கு ஆறேழு தடவை மங்கிவிடும். அண்ணனின் ஆறு பட்டைக்குக் கணக்கு சரியாக வருகிறது.

வீடியோ தம்பி ஏன் தப்பித்தான்? அவன் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்திருப்பான். ஒவ்வொரு வரிசையும் இரண்டு முழுச் சுற்று வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், ஏற்ற இறக்கம் சமமாகிவிடும். நீங்கள் 1/250 வைத்திருப்பீர்கள். மெக்கானிக்கல் ஷட்டர் என்றால் திரை அந்தப் பக்கம் போய்ச் சேர 1/250 பக்கம்தான் ஆகும், பட்டை இவ்வளவு மோசமாக அடுக்காது.

நான் காத்திருப்பது வேகமாகப் படிக்கிற சென்சாருக்கு. அது புதுசு ஒன்றுமில்லை. சென்சாரின் முதுகிலேயே நினைவகத்தை ஒட்டிவைக்கிற ஸ்டாக்டு சென்சாரை சோனி 2017இல் ஏ9இல் கொண்டுவந்தது. 2021இல் நிக்கான் இசட்9 வந்தபோது மெக்கானிக்கல் ஷட்டரையே தூக்கிவிட்டார்கள், அவ்வளவு வேகம். 2023 நவம்பரில் சோனி ஏ9 மூன்றை, அதாவது மூன்றாம் பதிப்பை, அறிவித்தார்கள், குளோபல் ஷட்டர், எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில். ஃபிளாஷை 1/80000 விநாடி ஷட்டர் வேகம் வரை ஒத்துப்போக வைக்கலாம். ஆனால் அது அறிமுகமானபோது 6000 டாலர். கல்யாண வேலை செய்கிறவர்கள் அதை வாங்கினால் ஆல்பத்துக்குப் பதில் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

என் ஆசை ஒரே வரி. 24 அல்லது 33 மெகாபிக்சல், 1/200 விநாடிக்குள் படித்து முடிக்க வேண்டும், விலை இரண்டு லட்சத்துக்குள்.

மீன்கொத்தி · சனி, காலை 6:05

இரண்டு லட்சத்துக்குள்ளா? தம்பி, காபி குடித்துவிட்டு எழுதுங்கள்.

என் பிரச்சினை வேறு. வாரக்கடைசியில் ஹொஸ்கோட்டே ஏரிதான் எனக்குக் கதி. கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் அப்படியே நின்று சிறகடிக்கும், பார்த்திருப்பீர்கள். அலகு நேர் கீழே, தலை மட்டும் ஆடாது. திடீரென்று இறக்கையை மடக்கிக் கல் மாதிரி விழும். என் விரல் அழுத்துவதற்குள் ஏரியில் வட்டம்தான் மிச்சம். வட்டத்தையே இருநூறு படம் வைத்திருக்கிறேன், கண்காட்சி போடலாம்.

இதற்குத்தான் ப்ரீ கேப்சர். ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் முழுதாக அழுத்துவதற்கு முந்தின அரை விநாடி, ஒரு விநாடிப் படங்களையும் சேர்த்துக் கொடுக்கும். இசட்9, இசட்8 இரண்டிலும் அது ஜேபெக்கில் மட்டும்தான். வெள்ளை இறக்கை, கறுப்பு முதுகு, காலை வெயில், இதில் ஜேபெக் கொடுத்தால் இறக்கை வெளுத்துப்போய் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஏ9 மூன்றாம் பதிப்பும் கேனான் ஆர்5 இரண்டாம் பதிப்பும் ரா ஃபைலிலேயே (சென்சார் பிடித்தது அப்படியே, திருத்த இடம் இருக்கும்) கொடுக்கின்றன. ஆக முடியாத காரியம் இல்லை. அடுத்து வருகிற நடுத்தர விலை பாடியில் ப்ரீ கேப்சர் ராவில் வேண்டும், அவ்வளவுதான். வேகமான சென்சார் எனக்கும் வேண்டும். மெதுவான சென்சாரில் மேலே தூக்கின இறக்கை ஒரு இடத்திலும் உடம்பு ஒரு இடத்திலும் வளைந்து, பறவை ரப்பர் பொம்மை மாதிரி வருகிறது.

நாணலுக்குப் பின்னால் நிற்கிற பறவையை விட்டுவிட்டு நாணலைப் பிடிக்கிற ஃபோகஸைப் பற்றித் தனி இழை போடலாம். இப்போது வேண்டாம், பிபி ஏறும்.

பழைய கண்ணாடி · சனி, காலை 9:30

நீங்கள் எல்லோரும் வேகத்தைப் பேசுகிறீர்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எதுவும் வேகமாக வேண்டாம்.

என்னிடம் இருப்பது எல்லாம் பழைய லென்ஸ். ஃபிலிம் காலத்து நிக்கான் எஃப் மவுண்ட் லென்ஸ் நான்கு, திருகு மாட்டும் எம்42 மூன்று, ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான 28 மில்லிமீட்டர் ஒன்று. மிரர்லெஸ் எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம் இடைவெளி. எஃப் மவுண்டில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 46.5 மில்லிமீட்டர். உள்ளே இருந்த மிரரைத் தூக்கின பிறகு சோனி 18 மில்லிமீட்டர், நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. நடுவில் இருக்கிற காலி இடத்தில் ஒரு வெறும் குழாய் வைத்தால் எந்தத் தாத்தா லென்ஸும் வேலை செய்யும். 2013இல் சோனி ஏ7 வந்தபோது அந்தக் குழாய்க்காகவே வாங்கினவன் நான்.

ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் 28ஐ மாட்டினால் ஓரமெல்லாம் குழைந்துபோகிறது. நானும் லென்ஸ்தான் கெட்டுவிட்டது என்று வருஷக்கணக்கில் நினைத்தேன். லென்ஸில் ஒரு குற்றமும் இல்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடித் தகடுதான் காரணம். சோனியில் அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர், லைக்கா எம்மில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த லென்ஸின் பின்பக்கம் சென்சாருக்கு வெகு அருகில் உட்காரும், ஓரத்துக்குப் போகிற ஒளி சாய்வாக விழும். சாய்வாகப் போகும்போது தடிமனான கண்ணாடி அதைத் திசை மாற்றிவிடும். லால்பாக் கண்ணாடி மாளிகையை எடுத்தால் நடுவில் இரும்புச் சட்டம் ஊசி மாதிரி, ஓரத்தில் கஞ்சி மாதிரி.

மெல்லிய தகடு போட்ட, லைக்கா விலை இல்லாத ஒரு பாடி. யாரும் செய்யப்போவதில்லை என்று தெரியும். கேட்பதற்குக் காசா?

மடிவாளா பஸ் · சனி, காலை 11:50

சார், உங்கள் முதல் ஏ7 எடை எவ்வளவு? பேட்டரி போட்டாலும் அரைக் கிலோ இல்லை. அதற்கு அப்புறம் அந்த வரிசையில் ஒவ்வொரு மாடலும் சதை போட்டு, ஏ7 நான்கு 658 கிராம் வந்துவிட்டது. இசட்9 ஒரு கிலோ 340. நான் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகிறவள். மடிவாளாவிலிருந்து கே.ஆர். மார்க்கெட் போய்ப் பூ மண்டி எடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு ஆபீஸ். பையில் லேப்டாப்பும் இருக்கும், சாப்பாட்டு டப்பாவும் இருக்கும்.

எனக்கு வேண்டியது கேனான் ஆர்8 எடை. அது 461 கிராம். ஆனால் அதில் கை ஆட்டத்தைச் சமாளிக்கிற பாடி ஸ்டெபிலைசேஷன் கிடையாது, கார்டு ஸ்லாட் ஒன்றுதான். அதே எடையில் இந்த இரண்டையும் போட்டுக் கொடுங்கள், கோவிலில் விளக்கு ஏற்றுகிறேன்.

நூறு ஹெர்ட்ஸ் · சனி, மதியம் 12:10

சோனி ஏ7சி இரண்டாம் பதிப்பு? 514 கிராம், ஸ்டெபிலைசேஷன் உண்டு.

மடிவாளா பஸ் · சனி, மதியம் 12:25

வாடகைக்கு எடுத்துப் பார்த்தாயிற்று. வ்யூஃபைண்டர் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி. கார்டு ஸ்லாட் அதிலும் ஒன்றுதான். சின்ன கேமரா வாங்குகிறவர்களுக்குக் கார்டு கெட்டுப்போகாது என்று யார் முடிவு செய்தார்கள்?

அல்சூர் முக்காலி · சனி, மதியம் 2:05

இரண்டாவது ஸ்லாட் விஷயத்தில் மடிவாளா சொல்வதற்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். கார்டு போன கல்யாணம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். திரும்ப ஒரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியாது.

நூறு ஹெர்ட்ஸ் தம்பி, ஒரு சந்தேகம். நிக்கான் இசட்6 மூன்றாம் பதிப்பில் பாதி ஸ்டாக்டு என்கிறார்களே, அது நம் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில்தானே வருகிறது?

நூறு ஹெர்ட்ஸ் · சனி, மாலை 4:40

ஆமாம் அண்ணா. 2024 ஜூனில் வந்தது, 24.5 மெகாபிக்சல். முழு சென்சாருக்கும் பின்னால் அடுக்காமல் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் வேகமான சர்க்யூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அறிமுக விலை 2500 டாலர், ஏ9 மூன்றில் பாதிகூட இல்லை. பழைய சென்சாரைவிட நன்றாகவே வேகம், ஆனால் இசட்9 அளவுக்கு இல்லை. உங்கள் ஆறு பட்டை இரண்டாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், காணாமல் போகாது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்வு அளவு) எடுத்து நிழலைப் பிரகாசமாக்கினால் முந்தின இசட்6 இரண்டாம் பதிப்பைவிட இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான கறை, அதிகம். ஏ9 மூன்றிலும் இதே மாதிரி ஒரு சங்கடம், அதன் ஐஎஸ்ஓவே 250இல்தான் தொடங்குகிறது. வேகத்தை வாங்க இருட்டைக் கொஞ்சம் விற்க வேண்டியிருக்கிறது. எனக்கு அடுத்த தலைமுறையில் பார்க்க ஆசை இதுதான், வேகமும் வேண்டும், பட்டுக் கறுப்பில் இரைச்சலும் கூடாது. கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளை கோட்டு எப்போதும் கறுப்புதானே.

மீன்கொத்தி · சனி, மாலை 5:20

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 டிசம்பரில் கேமராவுக்கு ஜிஎஸ்டியை 28இலிருந்து 18 ஆக்குவதாக அறிவித்தபோது இனிமேல் சுகம்தான் என்று துள்ளினோம். அந்தப் பத்து சதவீதத்தை டாலர் எப்போதோ தின்றுவிட்டது.

மடிவாளா பஸ் · சனி, இரவு 9:15

ஃபோகஸ் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி திகளரபேட்டை தர்மராயர் கோவில் கரகத்துக்கு இந்த வருஷம் போனேன். நடுராத்திரி தாண்டித்தான் கரகம் வெளியே வரும். சந்து நிறைய ஜனம், கையில் கத்தியோடு வீரகுமாரர்கள், மேலே சீரியல் லைட். முக்காலிக்கு இடமே இல்லை. கரகம் சுமக்கிறவர் திரௌபதி வேஷத்தில் வருவார், தலையிலிருந்து மல்லிகைச் சரம் சரமாகத் தொங்கும், முகம் முக்கால்வாசி பூவுக்குள்.

கேமராவுக்கு மனித முகம், கண் என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன செய்யும்? பூவுக்குள் இருக்கிற முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் கையைத் தூக்கி மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு மாமாவைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. அவர் நகர்ந்தால் பச்சைக் கட்டமும் நகர்கிறது. எட்டு விநாடி இருந்திருக்கும், கரகம் தாண்டிப் போய்விட்டது. மல்லிகை வாசனை மட்டும் இருந்தது. அந்த மாமாவின் கண் இமை ஒவ்வொன்றும் துல்லியமாக வந்திருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

2024இல் கேனான் ஆர்5 இரண்டாம் பதிப்பில் ஃபுட்பால், பாஸ்கெட்பால், வாலிபால் ஆட்டத்துக்கென்றே தனி ஃபோகஸ் முறை கொடுத்தார்கள். யாரிடம் பந்து, யார் தாவுகிறார் என்று அதுவே பார்த்துக்கொள்ளுமாம். கபடிக்கு எப்போது? கரகத்துக்கு எப்போது? அந்த மூன்று ஆட்டம்தான் உலகம் என்று ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நாமே ஐம்பது படத்தைக் காட்டி, இதைத்தான் பிடிக்க வேண்டும் என்று கேமராவுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழி வேண்டும். என்னுடைய முதல் ஆசையை மாற்றிக்கொள்கிறேன், எடைக்கு இரண்டாவது இடம்.

பழைய கண்ணாடி · சனி, இரவு 10:02

ஏம்மா, ஃபோகஸ் ரிங்கைக் கையால் திருப்பியிருந்தால் கரகம் கிடைத்திருக்குமே. எட்டடி தூரம், அப்பர்ச்சர் எஃப்4 வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

மடிவாளா பஸ் · சனி, இரவு 10:10

திருப்பினேன் சார். என் லென்ஸில் ரிங்குக்கு முடிவே இல்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூர அளவும் அதில் எழுதியிருக்காது. இருட்டில் எட்டடி எது, எண்பதடி எது?

பழைய கண்ணாடி · சனி, இரவு 10:21

அது நியாயம். என் ஆசைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங் இரண்டு பக்கமும் டக்கென்று நிற்க வேண்டும், அடி மீட்டர் இரண்டும் பொறித்திருக்க வேண்டும். ஐம்பது வருஷம் முன்னால் சாதாரண லென்ஸிலும் இருந்ததைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலை.

கேஜிஎஃப் காரன் · ஞாயிறு, காலை 8:00

புதுசாகச் சேர்ந்தவன். சின்ன சென்சார் போட்ட ஏபிஎஸ்-சி கேமரா வாங்கினால் இவ்வளவு தலைவலி இல்லையே?

மீன்கொத்தி · ஞாயிறு, காலை 8:20

வாருங்கள் தம்பி. பறவைக்கு நானே சொல்வேன், ஏபிஎஸ்-சி போதும். மண்டப வெளிச்சத்துக்கு அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்புறம் லென்ஸையும் பாருங்கள். 2024இல் சிக்மா, டாம்ரான் என்ற இரண்டு வெளி லென்ஸ் கம்பெனிக்கும் கேனான் தன் ஆர்எஃப் மவுண்ட் கதவைத் திறந்தபோது ஏபிஎஸ்-சி லென்ஸுக்கு மட்டும்தான் திறந்தது. ஃபுல் ஃபிரேம்காரர்கள் வெளியே செருப்போடு நின்றோம். அடுத்த பாடியில் என்ன வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்ல நினைப்பது, மலிவான லென்ஸ் மாட்ட விடுங்கள் என்பதைத்தான்.

நெறியாளர் · ஞாயிறு, காலை 8:45

மவுண்ட் சண்டைக்குத் தனி இழை ஏற்கனவே 40 பக்கம் ஓடுகிறது. இங்கே வேண்டாம்.

அல்சூர் முக்காலி · ஞாயிறு, இரவு 9:30

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கு ஒரு முகூர்த்தம் இருந்தது, அதற்கு முழு ஸ்டாக்டு பாடி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பிராண்ட் சொன்னால் நெறியாளர் அடிப்பார். வேண்டுமென்றே எலக்ட்ரானிக் ஷட்டரிலேயே வைத்தேன், அதே தம்பியின் அதே எல்இடி பேனல்.

தாலி கட்டின படங்களில் பட்டை இல்லை. ஒன்றிரண்டில் மேலே வெளிச்சமும் கீழே கொஞ்சம் மங்கலும், பார்த்தால் இயற்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி சுவர் வைத்திருந்தார்கள், அதில் ஓடின மயில் உடம்பு முழுக்க மெல்லிய கோடு கோடாக வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெண் மேல் ஒன்றும் இல்லை, மயில் மேல் மட்டும்.

நூறு ஹெர்ட்ஸ் · ஞாயிறு, இரவு 9:48

அந்தச் சுவர் 100 ஹெர்ட்ஸில் மங்குவதில்லை அண்ணா, அதற்கென்று வேறு வேகம், அதைவிடப் பல மடங்கு. ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்?

அல்சூர் முக்காலி · ஞாயிறு, இரவு 9:55

320.

நூறு ஹெர்ட்ஸ் · ஞாயிறு, இரவு 9:58

100க்கு இறக்கியிருந்தால் மயிலும் சுத்தமாக வந்திருக்கும். இல்லையென்றால் விளக்கு மங்கலைச் சமாளிக்கிற ஃப்ளிக்கர் மெனுவில் ஷட்டரைப் பொடிப்பொடியாக மாற்றுகிற வசதி இருக்கும், 1/320.6 மாதிரி. சுவரைப் பார்த்துக்கொண்டே கோடு மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.

அல்சூர் முக்காலி · ஞாயிறு, இரவு 10:06

100இல் வைத்தால் அட்சதை போடுகிற கை எல்லாம் ஆடிவிடும். மயில் கோட்டோடு இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை.

பாடியை செவ்வாய் காலை பத்து மணிக்குத்தான் திருப்பித் தர வேண்டும், நாளைக்கு எனக்கு வேலை இல்லை. இதில் ப்ரீ கேப்சர் ரா இருக்கிறது. மீன்கொத்தி, லீவு போட முடியுமா?

மீன்கொத்தி · ஞாயிறு, இரவு 10:07

உடம்பு சரியில்லை என்று மேனேஜருக்கு இப்போதே எழுதிவிட்டேன். ஐந்தேகாலுக்கு அல்சூர் வருகிறேன், பழைய மெட்ராஸ் ரோடு காலியாக இருக்கும். பெரிய லென்ஸ் என்னிடம் இருக்கிறது, மவுண்ட் எது என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.